கலைச்சொல்: ‘அழகியல் சேதநிலை’யா, ‘பொலிவுச் சேதநிலை’யா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பூச்சியால் அழகுச் செடியின் தோற்றம் எந்த அளவு கெட்டால் பொறுக்க முடியாது என்ற வரம்புதான் ‘ஈஸ்தெட்டிக் இஞ்சுரி லெவல்’. அதற்கு நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘அழகியல் சேதநிலை’ எனக்கு ஒப்பவில்லை. அழகியல் என்பது அழகை ஆராயும் துறை. செடியின் அழகு கெடுவதைச் சொல்ல அது பொருந்தாது.

இதற்கு முன்மாதிரியான ‘பொருளாதாரச் சேதநிலை’ நம் வேளாண் கையேடுகளில் வேரூன்றிய சொல். நெல்லில் குருத்துப்பூச்சியால் 10 சதவீதம் நடுக்குருத்து காய்ந்தாலோ, பூக்கும் பருவத்தில் 2 சதவீதம் வெண்கதிர் (மணி பிடிக்காத வெள்ளைக் கதிர்) வந்தாலோ மருந்தடிக்கலாம் என்று விவசாயிக்கு எண்ணிச் சொல்ல முடிகிறது. 1959இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன் என்ற பூச்சியியலாளரின் குழுவினர் வகுத்த கருத்து இதற்கு அடிப்படை. பறிபோகும் விளைச்சலின் மதிப்பு எப்போது தடுப்புச் செலவை எட்டுகிறது என்று பார்ப்பார்கள். சரி, அழகுச் செடியில் எந்த விளைச்சலை எடை போடுவது?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பு வாசலில் செம்பருத்தி வேலி உண்டு. போன கோடையில் மாவுப்பூச்சி பிடித்தது. கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சாகி, பஞ்சு அப்பியதுபோல் வெள்ளை. கீழிலையைத் தொட்டால் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், தண்டு நெடுக எறும்புச் சாரி. ஒரு செடிகூடச் சாகவில்லை. ஆனாலும் நுனி வெட்டக் கூலி, இரண்டு முறை வேப்பெண்ணெய், அப்புறம் வாசலுக்கு நேரே இருந்த நான்கு செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிது நட்ட செலவு. அந்த நான்கும் பிழைத்திருக்கும். இன்றும் எனக்கு வருத்தம்தான். பின்சுவர் ஓரம் அதே அளவு பூச்சி பிடித்த செடிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆக, இந்த வரம்பு பூச்சியின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பார்க்கிறவர் கண்ணிலும் இருக்கிறது. நர்சரியில் இன்னும் கீழே இறங்கிவிடும். ஓர் இலையில் வெள்ளை தெரிந்தாலே தொட்டி விலைபோகாது.

‘தோற்றச் சேதநிலை’ என்று குழுவில் அம்மா ஒருவர் சொன்னதையும் யோசித்தேன். பூச்சியியலில் ‘தோற்றம்’ என்றால் பூச்சி தோன்றுவதாகவும் படிக்க இடமுண்டு. ‘எழில்’ கவிதைக்குப் போய்விடுகிறது. தோட்டக்காரர் வாயில் வருவது ‘செடி பொலிவா இருக்கு’, ‘பொலிவு போச்சு’. அதனால் ‘பொலிவுச் சேதநிலை’ என்று முன்மொழிகிறேன். ‘சேதம்’ வடசொல் என்று தள்ள வேண்டாம். ‘பயிர்ச் சேதம்’ ஊரறிந்த சொல், ‘பொருளாதாரச் சேதநிலை’யோடு இணையாகவும் நிற்கும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘வாசல் வேலிக்கும் பின்சுவர் வேலிக்கும் பொலிவுச் சேதநிலை ஒன்றல்ல.’ உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?