எட்டு நாள் ரோகு குஞ்சுக்குத் தடுப்பூசி உண்டா?

வடுவூர்க்காரன்:
5 சென்ட் நாற்றங்கால் குளத்தில் போன வாரம் 1 லட்சம் ரோகு மீன் நுண்குஞ்சு விட்டேன். மூன்று நாள் வயது. விட்ட ஐந்தாம் நாளிலிருந்து காலையில் கரையோரம் வெள்ளை நூல் துணுக்கு மாதிரி செத்து ஒதுங்குகிறது. மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரமே சொட்டு மருந்து விடுகிறோமே, மீனுக்கு அப்படி எதுவும் இல்லையா? இந்த வயதில் எதிர்ப்புச் சக்தியே இருக்காதா?

குளத்துமேட்டான்:
குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் சோப்பு எண்ணெய்க் கரைசல் தெளித்தீர்களா? இல்லையென்றால் நீர்ப்பூச்சியே பாதியைக் கொன்றிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

பொரிப்பக அக்கா:
தம்பி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. ஆனால் ஊசியால் வளர்க்கிற வகை இன்னும் வரவில்லை.

ரோகு முட்டை 15, 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். கிருமியை விழுங்கும் செல்கள் குஞ்சின் உடம்பில் சீக்கிரமே வந்துவிடும். தாய் மீனும் லைசோசைம், காம்ப்ளிமென்ட் புரதம் என்று கிருமியைக் கொல்லும் பொருள்களையும், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கிற ஆன்டிபாடி என்ற புரதம் கொஞ்சத்தையும் முட்டைக்குள் வைத்துத்தான் அனுப்புகிறது. மூன்று நாளில் மஞ்சள் கரு தீர்ந்ததும் அந்த ஆன்டிபாடியும் குறைந்துகொண்டே போகும். குஞ்சு தானாக ஆன்டிபாடி செய்யக் கெண்டை இனத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. எதிர்ப்புச் செல்களை உண்டாக்கும் அந்த வேலையைச் சிறுநீரகத்தின் முன்பகுதிதான் செய்கிறது, அது முதலில் வளர்ந்தாக வேண்டும். அவசரப்பட்டு இப்போதே தடுப்பு மருந்து கொடுத்தால், பிற்பாடு அதே கிருமி வரும்போது உடம்பு அதை எதிர்க்காமல் விட்டுவிடவும் கூடும்.

மூன்று நாள் குஞ்சை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே இதயம் துடிப்பது தெரியும். செதில் ஒன்றுகூட இருக்காது. வெறும் தோல், மேலே வழுவழுவென்று சளி. கிருமியை முதலில் தடுப்பது அந்தச் சளிதான். முரட்டு வலையில் அள்ளினாலும், தண்ணீரில் கழிவால் அம்மோனியா ஏறினாலும், சட்டென்று சூடு மாறினாலும் அது கெட்டுவிடும். ஆன்டிபயாட்டிக் அதைத் திருப்பித் தராது. இந்த வயதில் குஞ்சு பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிரைத்தான் தின்னும், தீவனத்தில் கலந்த மருந்து அதன் வயிற்றுக்குப் போய்ச் சேருமா?

அடுத்த தடவை குஞ்சு வாங்கும்போது தாய் மீனைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். என்ன தீவனம் போடுகிறார்கள், ஒரே பருவத்தில் எத்தனை தடவை ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுத்தார்கள் என்று கேளுங்கள். நான் குஞ்சு வாங்குகிற இடத்தில் இதைக் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை. சரி, குஞ்சு வந்த பையை எப்படிப் பிரித்தீர்கள்?

வடுவூர்க்காரன்:
மதியம் ஒரு மணிக்கு வந்தது அக்கா. பையை அப்படியே குளத்தில் கவிழ்த்துவிட்டேன். மருந்து வாங்கவில்லை. நாளைக்கே அம்மோனியா பார்க்கிறேன்.

பொரிப்பக அக்கா:
நல்ல வெயிலில் கவிழ்த்திருக்கிறீர்கள். இனி சாயங்காலம் விடுங்கள். பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அப்புறம் குஞ்சு தானாக நீந்தி வெளியே போகட்டும். நாளைக்கு தண்ணீரின் பி.எச். அளவையும் (அமில, காரத் தன்மை) பாருங்கள், விடியற்காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை.