எங்கள் ஊர் வானொலி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

விழுந்தமாவடிப் பக்கத்திலிருந்து:
சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதியில் தானம் அறக்கட்டளை தொடங்கியது களஞ்சியம் சமூக வானொலி. லாபத்துக்காக நடத்துவது இல்லை. சமூக வானொலி என்றால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. அது என்ன விதி என்று எனக்கு அம்மாவால்தான் புரிந்தது.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருநாள் ரேடியோக்காரப் பிள்ளைகள் வரப்பிலேயே உட்கார்ந்து அவருடைய நடவுப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். ஒலிபரப்பான அன்று உலை கொதிப்பதைக்கூடக் கவனிக்காமல் ரேடியோ பக்கத்திலேயே இருந்தார். "என் தொண்டையா இது?" என்று இரண்டு தடவை கேட்டார். சின்ன ஒலிபரப்பிதான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. ஆனால் கேட்டவர்கள் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்த முகங்கள். மறுநாள் மீன் வாங்கப் போனவர் திரும்பி வர மதியமாகிவிட்டது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறார்கள்.

ஆடுதுறையிலிருந்து:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அக்கா. எங்கள் தாத்தா ஏடிடி 27 என்று சொல்லவே மாட்டார், 'ரேடியோ நெல்' என்பார். எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குறுகிய காலக் குறுவை ரகம். 1960களில் திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான் தஞ்சை வயல்களில் பரவியது, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பூச்சி விழுந்தால் தாத்தா வானொலி நிலையத்துக்குக் கார்டு எழுதிப் போடுவார். பதில் வரும் சாயங்காலம் திண்ணையில் உட்கார இடம் இருக்காது, ஏனென்றால் அது ஊருக்கே ஆன கேள்வி. விதை விற்பவர் சொன்னால் சந்தேகப்படுவார்கள். வானொலிக்கு விற்க எதுவும் இல்லையே, அதனால் நம்பினார்கள்.

வேதாரண்யத்திலிருந்து:
2018 நவம்பர், கஜா அடித்த ராத்திரி. கரண்ட் போய், அப்புறம் செல்போன் சிக்னலும் போய்விட்டது. மாமாவின் பழைய டிரான்சிஸ்டர் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. புயல் எங்கே கரை கடக்கிறது, எப்போது வெளியே வரலாம் என்று அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை உள்ளேயே பிடித்து வைத்திருந்தோம். விடிந்தபோது எங்கள் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

இப்போதும் ஐப்பசி பிறந்தால் முதல் வேலையாக நாலு பேட்டரி வாங்கி வைத்துவிடுகிறேன்.