மறு: தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

பனிமுகில் (ஸ்காபரோ, கனடா), திங்கள் இரவு

கலைச்சொல் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பகுதி முதியோர் மன்றம் ஒன்றுக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பார்த்து வாங்குவது, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுவரில் பூட்டுவது, இவ்வளவுதான் பொருள். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

'வெப்பநிலைநிறுத்தி' என்று எழுதி முதல் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். "ஹீற்றை நிறுத்துற சாமானோ? தை மாதத்தில அதை ஏன் பூட்டுவான்?" என்று கேட்டார். வெளியே மைனஸ் 18. அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

வேறு சொல் இருந்தால் தாருங்கள். இதோடு ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் எந்திரம்), சி வயர், பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

பழஞ்சுவடி (மதுரை), செவ்வாய் காலை

அம்மா, 'வெப்பநிலைப்படுத்தி' என்று வையுங்கள். இகர விகுதி கருவிப்பொருளில் வருவது மண்வெட்டி, தேங்காய்த்துருவி எனப் பழகியதுதான். நடுவில் உள்ள 'ப்' என்னும் ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போதெல்லாம் அச்சில் முதலில் சாவது அதுதான்.

நுண்துளி (பெங்களூரு), செவ்வாய் பகல்

ஐயா, அதை எங்கே பிரிப்பது? வெப்பம், நிலைப்படுத்தி என்று பிரித்தால் சரி. வெப்பநிலை, படுத்தி என்று பிரித்தால் 'மனுஷனைப் படுத்துகிறது' என்கிறோமே, அந்தப் படுத்தல் ஆகிவிடுகிறது. மே மாத மதுரைக்குப் பொருந்தும், ஸ்காபரோவுக்குப் பொருந்தாது.

நான் செயலிகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன். ஒரு பொத்தானில் 10, 12 எழுத்துக்கு மேல் கொள்ளாது. 'தெர்மோஸ்டாட்' என்றே விட்டுவிடுங்கள். ஜனங்கள் சொல்வதும் அதுதான்.

பனிமுகில் (ஸ்காபரோ), செவ்வாய் பகல்

எந்த ஜனங்கள், தம்பி? நீங்கள் 'தெர்மோஸ்டாட்' என்கிறீர்கள். எங்கள் ஈழத்து ஆட்கள் 'தேர்மோஸ்ராற்' என்று எழுதுவார்கள். நான் இருக்கும் ஊர்ப்பெயரையே நீங்கள் டொராண்டோ என்றும் நாங்கள் ரொறன்ரோ என்றும் எழுதுகிறோம். அப்படியே விடுவது என்றாலும் எதை அப்படியே விடுவது? மன்றத்தில் ஓர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தெர்மாஸ் பிளாஸ்க்கை ஏன் சுவரில் மாட்டுகிறார்கள் என்று கேட்டார்.

வேர்ச்சொல் (பினாங்கு), செவ்வாய் இரவு

அந்த அம்மா கேட்டது சரிதான், இரண்டுக்கும் ஒரே வேர். கிரேக்கத்தில் 'தெர்மோஸ்' சூடானது, 'ஸ்டாட்டோஸ்' நிற்பது. இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். 1830இல் காப்புரிமை பெற்றார். இரண்டு வேறு உலோகப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால், சூட்டில் ஒன்று கூட நீளும், மற்றது குறைய நீளும், பட்டை வளையும். அந்த வளைவைக் கொண்டே திறப்பதும் மூடுவதும்.

'தெர்மோஸ்' சமற்கிருத 'கர்ம'வுக்கு உறவு. வினைப்பயன் கர்மம் வேறு, இது வெப்பக் கர்மம். பாரசீகத்தில் 'கர்ம்', இந்தியில் 'கரம்'. ஆக, கரம் மசாலாவும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள்!

நம் பக்கம் வாருங்கள். வெம்மை, வெப்பு, வெயில், வேனில், வெந்நீர், வெது. வீட்டுக்குள் நமக்கு வேண்டியது வெப்பமா? இல்லை, வெதுவெதுப்பு. வெப்பம் என்றால் கொதிக்கும். எனவே வெதுப்பை ஆள்வது 'வெதுப்பாளி'. ஐந்தே எழுத்து, நுண்துளியின் பொத்தானிலும் அடங்கும்.

பனிமுகில் (ஸ்காபரோ), செவ்வாய் இரவு

ஐயா, எங்களுக்கு வெதுப்பகம் என்றால் பாண், அதாவது பிரெட், விற்கிற கடை. வெதுப்பாளி என்று போட்டால் இரண்டு றாத்தல் பாண் தரச் சொல்லி மன்றத்துக்கு வந்து நிற்பார்கள்.

கம்பிக்காரன் (மார்க்கம்), புதன் காலை

தங்கச்சி, நான் இந்தச் சாமானை வீடு வீடாகப் பூட்டுகிறவன். குழுவில் வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் பெயரில் மூன்று நாள் போகிறதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள்?

முதலில், வாங்குவதற்கு முன்பு வீட்டில் எந்தவகைச் சூடு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேர்னஸ் வைத்த வீட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட், மெல்லிய வயர்கள். சுவரடியில் நீளமாக ஓடும் பேஸ்போர்ட் ஹீற்றர் என்றால் பெரும்பாலும் 240 வோல்ட், தடித்த வயர். கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டுக்குத்தான். அதைக் கொண்டுபோய் 240இல் பூட்டினால் நெருப்புத்தான். இது முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் வர வேண்டும்.

அப்புறம் சி வயர். பழைய தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, அல்லது ஒரு பேட்டரி போதும். புதியதுக்குத் திரை, வைஃபை எல்லாம் இருப்பதால் எந்நேரமும் மின்சாரம் வேண்டும். அதைத் தருவது சி வயர், அது இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் சில கருவிகள் மற்ற வயர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிச் சமாளிக்கும். எல்லா ஃபேர்னஸும் அதற்கு ஒத்துவராது. நம் ஊரிலேயே 2007இல் தொடங்கிய ஈக்கோபீ கம்பெனி போன்றவர்கள் அதற்கென்று ஒரு சின்ன இணைப்புப் பெட்டி செய்கிறார்கள், ஃபேர்னஸுக்குள் பூட்ட வேண்டும். கை நடுங்குகிற வயசில் அதைத் தாங்களே செய்யச் சொல்லாதீர்கள்.

இனி முக்கியமானது. பின்தட்டில் ஆர், டபிள்யூ, ஒய், ஜி, சி என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றைத் தமிழாக்கவே கூடாது. இப்படி ஒரு தாளைப் பார்த்திருக்கிறேன். டபிள்யூ 'வெள்ளை' ஆகியிருந்தது, ஜி 'பச்சை' ஆகியிருந்தது, சி 'பொது' ஆகியிருந்தது. மனிதர் பச்சை வயரைத் தேடி எடுத்து ஜியில் பூட்டிவிட்டார். முன்பு பூட்டியவர் பச்சையைச் சியில் போட்டிருந்தார். நிறத்தை நம்பக் கூடாது, எந்த எழுத்தில் எது இருந்தது என்பதுதான் கணக்கு. பிரேக்கரை அணைத்து, மூடியைக் கழற்றி, எதையும் தொடுமுன் போனில் ஒரு படம். மருமகளுக்கும் ஒன்று அனுப்பி வைக்கட்டும்.

பழையது 1953இல் வந்த வட்ட வடிவம் மாதிரி இருந்தால் உள்ளே கண்ணாடிக் குப்பியில் பாதரசம் இருக்கக்கூடும். சமையலறைக் குப்பையில் போடக் கூடாது.

பழஞ்சுவடி (மதுரை), புதன் பகல்

தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனால் தமிழ்க் கையேட்டுக்குள் ஆங்கில எழுத்தை அப்படியே நட்டுவைப்பதை ஏற்க முடியாது. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்றவர் தொல்காப்பியர், வடசொல் வந்தாலும் வடவெழுத்தை விலக்க வேண்டும் என்பது பொருள். வடவெழுத்துக்கு ஒரு நீதி, ஆங்கில எழுத்துக்கு ஒரு நீதியா?

கம்பிக்காரன் (மார்க்கம்), புதன் பகல்

ஐயா, தொல்காப்பியர் வீட்டில் ஃபேர்னஸ் இல்லை.

பழஞ்சுவடி (மதுரை), புதன் பகல்

ஃபேர்னஸ் இல்லை. தடவு இருந்தது. நெடுநல்வாடையைத் திறந்து பாருங்கள். வாடை அடிக்கிறது, தூறல் விழுகிறது, யாரும் குவிந்த வாயுள்ள கன்னலில் தண்ணீர் குடிக்கவில்லை, அகன்ற வாயுள்ள தடவில் செந்நெருப்பு நிறைந்திருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் கலத்துக்கு நமக்கு ஈராயிரம் ஆண்டுச் சொல் இருக்கும்போது ஹீற்றர் எதற்கு? தடவு, தடவுச்சீர், தடவாட்சி என்று ஒரு குடும்பத்தையே உருவாக்கலாம்.

நுண்துளி (பெங்களூரு), புதன் மாலை

அருமையான சொல் ஐயா. ஒரே சங்கடம். இந்தக் கருவியில் தொடுதிரை. 'தடவு' என்று திரையில் வந்தால் விரலால் தடவுவார்கள்.

வேர்ச்சொல் (பினாங்கு), புதன் மாலை

ஸ்மார்ட்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். திறன்பேசி, அறிதிறன்பேசி என்று பழகிவிட்டதால் திறனோடு நிற்க வேண்டுமா? 'சூட்டிகை' இருக்கிறது. சூட்டிகையான பிள்ளை என்கிறோம். அதற்குள்ளேயே சூடு இருக்கிறது, பாருங்கள்! துடிப்பும் வெப்பமும் ஒரே சொல்லில். சுடு, சூடு, சூட்டிகை. சுட்டிப்பயலும் இந்தக் குடும்பமே என்பேன்.

பழஞ்சுவடி (மதுரை), புதன் இரவு

சுட்டி 'சுட்டு' என்னும் வினையிலிருந்து. இணையத்துச் சுட்டியும் அதுவே. சூட்டில் அதைச் சேர்க்காதீர்கள். தவிர, சிலேடை கவிதைக்கு அழகு, கலைச்சொல்லுக்கு ஆகாது. நாளை இதே அடைமொழியைக் குளிர்பதனப் பெட்டிக்கும் போட வேண்டிவரும். சூட்டிகைக் குளிர்பதனி என்பீர்களா?

(இந்த இடத்தில் வேர்ச்சொல்லிடமிருந்து சுட்டு, சூடு பற்றி நான்கு நீண்ட மடல்கள் வந்தன. தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

பனிமுகில் (ஸ்காபரோ), வியாழன் காலை

சூட்டிகை எங்கள் பக்கம் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. எங்கள் வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளை என்போம். கெட்டிக்காரத் தெர்மோஸ்டாட் என்று போட்டால் அப்பாவுக்கு உடனே பிடித்துப்போகும், மன்றத் தலைவருக்குப் பிடிக்காது. கம்பிக்கார அண்ணா, பெயரை விடுங்கள், அது உண்மையில் என்னதான் செய்கிறது?

கம்பிக்காரன் (மார்க்கம்), வியாழன் காலை

21 என்று வைக்கிறீர்கள். கொஞ்சம் இறங்கியதும் ஃபேர்னஸை எரியச் சொல்லும், கொஞ்சம் ஏறியதும் அணையச் சொல்லும். 21இலேயே நிற்காது, அதைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஃபேர்னஸ் நிமிடத்துக்கு ஒரு தரம் எரிந்து அணைந்து பழுதாகிவிடும். ஸ்மார்ட் என்பது, இரவு 18க்கு இறக்கவும் விடிவதற்கு முன் ஏற்றவும் தானே பார்த்துக்கொள்வது, வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துகொள்வது, போனிலிருந்து மாற்ற முடிவது.

நுண்துளி (பெங்களூரு), வியாழன் பகல்

அப்படியென்றால் 'நிலை' என்பதே பொய். கிரேக்கக்காரனும் தவறு, நாமும் தவறு. நிறுத்தவும் இல்லை, நிலைப்படுத்தவும் இல்லை, சீராக வைத்திருக்கிறது. 'வெப்பச்சீராக்கி'. மின்னழுத்தச் சீராக்கி ஏற்கெனவே பழகிய சொல். என் பொத்தானைப் பற்றி இனிப் பேசமாட்டேன்.

வேர்ச்சொல் (பினாங்கு), வியாழன் இரவு

வெதுப்புச்சீராக்கி என்றால் முழு மனத்தோடு. வெப்பச்சீராக்கி என்றால் அரை மனத்தோடு.

கம்பிக்காரன் (மார்க்கம்), வியாழன் இரவு

எனக்குச் சம்மதம். எழுத்துகளைத் தொடாவிட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதம்.

பனிமுகில் (ஸ்காபரோ), வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். அட்டையில் 'ஸ்மார்ட் வெப்பச்சீராக்கி', முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் தேர்மோஸ்ராற். ஃபேர்னஸ் ஃபேர்னஸாகவே இருக்கிறது. உலை என்று போட்டேன், அரிசி எங்கே என்று கேட்டார்கள். எழுத்துகள் ஐந்தும் பொறித்தபடியே. 240 வோல்ட் எச்சரிக்கை முதல் பக்கத்தில் வந்துவிட்டது.

இன்று பின்னேரம் அப்பா வீட்டுச் சுவரிலும் பூட்டினேன். பழையதில் நான்கு வயர்தான் பூட்டியிருந்தது, சியில் ஒன்றும் இல்லை. அண்ணாவைக் கூப்பிடலாம் என்று நினைத்துத் தட்டைக் கழற்றினால் உள்ளே ஐந்தாவது வயர் ஒன்றைச் சுருட்டிச் சுவருக்குள் தள்ளி வைத்திருக்கிறார்கள். கீழே ஃபேர்னஸிலும் அதன் மறுமுனை சும்மா கிடந்தது. அண்ணாவிடம் போனில் கேட்டுக்கேட்டு இரண்டு முனையையும் சியில் பூட்டினேன். வேலை செய்கிறது.

பழஞ்சுவடி (மதுரை), சனி காலை

மகிழ்ச்சி அம்மா. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'வெப்பநிலைப்படுத்தி' என்பதே என் கருத்து, குழுப் பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு எப்போது? அந்தச் சுருட்டி ஒளித்த வயருக்கு ஒரு பெயர் வேண்டுமே, 'கரந்த கம்பி' என்று வைக்கலாமா?