ஏசி போட்டா மட்டும் எஞ்சின் சூடாகுது, அவசரம்

வெள்ளை_ஹேட்ச்பேக்:
ஏசி போட்டா 10 நிமிஷத்துல டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறிடுது. ஆஃப் பண்ணினா தானா இறங்கிடும். கூலன்ட் மாத்தியாச்சு, ரேடியேட்டர் மூடியும் புதுசு. நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிட்டு தூரமா போகணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்பானர்_14:
பெட்ரோலா டீசலா? எவ்வளவு ஓடியிருக்கு? நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். நின்னா ஏறி, வேகமா போனா இறங்கினா காத்து போதலன்னு அர்த்தம். வேகமா போகும்போது ஏறினா தண்ணி ஓட்டம் சரியில்ல: ரேடியேட்டர் உள்ள அடைப்பு, இல்ல வாட்டர் பம்ப்.

நெடுஞ்சாலை_6:
தெர்மோஸ்டாட்டை, அதான் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வை, கழட்டித் தூக்கிப் போடுங்க. 10 வருஷமா நான் அது இல்லாமத்தான் ஓட்டுறேன், ஒரு நாள் கூட சூடானதில்ல.

கேஸ்கெட்_கண்ணன்:
எனக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில ஹெட் கேஸ்கெட், அதான் எஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற சீல், போயிருந்துச்சு. ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா பால் மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க.

பழைய_டீசல்:
இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அது கக்குகிற சூட்டுக் காற்றைத்தான் ரேடியேட்டர் வாங்குகிறது. போதாததற்கு கம்ப்ரஸர் வேறு எஞ்சினின் சக்தியை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி போல் அடைத்திருக்கும். வெளியே தண்ணீர் பீய்ச்சினால் அது போகாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவருக்கு: பெரும்பாலான வண்டிகளில் அது 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். மூடியபடி மாட்டிக்கொண்டால் ஏசி இல்லாமலே எஞ்சின் கொதிக்கும். கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அடிப்படை தெரியாமல் யோசனை சொல்லாதீர்கள்.

நெடுஞ்சாலை_6:
அடிப்படை எனக்கும் தெரியும் சார். மரியாதையா பேசுங்க.

பச்சைத்_தண்ணி:
கூலன்ட் மாத்தினேன்னு சொல்றாரு, எந்த அளவுல கலந்தாருன்னு யாருமே கேக்கலையே? வெறும் தண்ணிதான் சூட்டை நல்லா இழுக்கும். கூலன்ட் கூடக் கூட அந்தத் திறன் குறையும்.

ஸ்பானர்_14:
அது உண்மைதான். ஆனா வெறும் தண்ணி ஊத்தினா உள்ள துரு பிடிக்கும், சீக்கிரமும் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவையும் நல்ல மூடியும் இருந்தா 120 டிகிரி தாண்டினாலும் கொதிக்காது. எனக்கு அது போதும்.

பச்சைத்_தண்ணி:
துரு பிடிக்காம இருக்க மருந்து தனியா கிடைக்குது. எதுக்குப் பாதிக்குப் பாதி?

பழைய_டீசல்:
கேள்வி கேட்டவர் ஏசியைப் பற்றிக் கேட்டார். நீங்கள் இருவரும் தனி இழை தொடங்கலாம்.

வெள்ளை_ஹேட்ச்பேக்:
மன்னிக்கணும், இப்பத்தான் பாத்தேன். பெட்ரோல், 78,000 ஓடியிருக்கு. கூலன்ட் குறையல, ஆயில் மூடி சுத்தமா இருக்கு. சந்துல டார்ச் அடிச்சேன், அடைப்பு இல்ல. நின்னா மெதுவா ஏறுது, 30-40ல போனா இன்னும் சீக்கிரம் ஏறுது! ஏசி இல்லாம எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒண்ணும் ஆகல. ஃபேன் நல்லா சுத்துது, சத்தமே கேக்குது. நிக்கும்போது ஏசியும் சரியா குளிரல.

வயரிங்_மேசை:
ஃபேன் மோட்டார் எப்பவாவது மாத்தினீங்களா?

வெள்ளை_ஹேட்ச்பேக்:
ஆமா, 2 மாசம் முன்னாடி. கனெக்டர் சேரலன்னு வயரை வெட்டி ஒட்டினாங்க. சுத்துதே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வயரிங்_மேசை:
அதான் விஷயம். ரெண்டே வயர் வர்ற மோட்டார்ல பிளஸ், மைனஸ் மாறினா ஃபேன் தலைகீழா சுத்தும். காத்தை உள்ள இழுக்காம முன்னாடி தள்ளும். வண்டி நகர்ந்தா எதிர்க்காத்து உள்ள வரப் பாக்கும், ஃபேன் அதை வெளிய தள்ளும். ரெண்டும் மோதி ரேடியேட்டருக்குள்ள காத்தே அசையாது. அதான் நிக்கிறதை விட 30-40ல மோசமா இருக்கு. நிக்கும்போது ரேடியேட்டர் சூடு கண்டென்சர் மேல அடிக்குது, அதனால குளிரல. ஏசி இல்லாதப்போ ஃபேன் எப்பவாவதுதான் போடும், அதான் தெரியல.

எஞ்சின் ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. முன் கிரில் மேல ஒரு முழுத்தாளை வைங்க. ஒட்டிக்கிட்டா ஃபேன் சரி, தள்ளி விட்டா நான் சொன்னதுதான். மாத்துறதா இருந்தா ஃபேன் ஃப்யூஸை உருவிட்டு, பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு கை வைங்க. சில வண்டியில சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானா சுத்தும். 3, 4 வயர் வந்தா தொடாதீங்க, மாத்திக் கொடுத்தா கன்ட்ரோலர் எரிஞ்சுடலாம்.

பழைய_டீசல்:
முதலில் ரிலேயை, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சை, சோதிக்க வேண்டும்.

வயரிங்_மேசை:
ரிலே போயிருந்தா பெரும்பாலும் ஃபேனே சுத்தாது சார். சத்தம் கேக்குதுன்னு எழுதியிருக்காரு.

வெள்ளை_ஹேட்ச்பேக்:
தாள் நிக்கவே இல்ல, காத்து தள்ளி விட்டுச்சு. ரெண்டு வயர்தான். மாத்திப் போட்டதும் தாள் 'சப்'புன்னு ஒட்டுச்சு. ஒரு மணி நேரம் ஏசியோட ஓட்டினேன், முள்ளு பாதியைத் தாண்டல. ரொம்ப நன்றிண்ணா. காலையில கிளம்புறோம்.

ஸ்பானர்_14:
ஃபேன் சுத்துதான்னு மட்டும்தான் நான் பாப்பேன். எந்தப் பக்கம் சுத்துதுன்னு இதுவரைக்கும் பாத்ததே இல்ல. இனிமே தாளை வச்சுப் பாத்துடுவேன்.

வயரிங்_மேசை:
தம்பி, அந்த ஜாயின்ட்டை எப்படிப் போட்டீங்க? வெறுமனே முறுக்கி டேப் சுத்தியிருந்தா தூரப் பயணத்துக்கு ஆகாது. ஃபேன் நிறைய கரண்ட் இழுக்கும், முறுக்கின இடம் சூடாகி உருகும். சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டுட்டுக் கிளம்புங்க. பாத்தா பதில் போடுங்க.

பச்சைத்_தண்ணி:
எந்த அளவுல கலந்தாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே.