எமர்ஜென்சி லைட் வேலைக்கு யாரை அழைப்பது? கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

துணிக்கடை மேலாளர், திருப்பாதிரிப்புலியூர்:

எங்கள் கடை தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றைப் புதுப்பிக்கும் சமயம் என்பதால், கரண்ட் போனால் வெளியேறும் வழியைக் காட்டும் எமர்ஜென்சி லைட் வேலையை முழுசாகவே செய்துவிடலாம் என்று சிலரிடம் கொட்டேஷன் கேட்டோம். யார் எப்படி வந்து பார்த்தார்கள் என்று எழுதுகிறேன். ஆள் தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வந்தவர் கல்லா பக்கம் நின்றபடியே, "எத்தனை லைட் சார் வேணும்?" என்றார். அதைச் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டோம்! அடுத்தவர், "ஜெனரேட்டர்தான் இருக்கே. நாலு ட்வின் பீம் மாட்டிடலாம், இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போதும்" என்றார். ட்வின் பீம் என்றால் ஒரே பெட்டியில் இரண்டு ஃபோகஸ் விளக்கு. ரேட்டும் குறைவு, பேச்சும் இனிமை. முதலாளிக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கடைசியாக வந்தவர் சிதம்பரம் பக்கத்து ஆள். டி.பி. (கரண்ட் பிரிந்து போகும் பெட்டி) எங்கே என்று கேட்டார். பின்பக்க மாடிப்படிக்குப் போகும் எம்.சி.பி.யை (ஷார்ட் ஆனால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் இறக்கினார். படி முழுக்க இருட்டு. மற்ற இடமெல்லாம் பளபளவென்று எரிகிறது. மெயின் கரண்ட் இருக்கிறதே, ஜெனரேட்டர் எப்படி ஸ்டார்ட் ஆகும்? "எங்கயாவது ஷார்ட் ஆனா முதல்ல இப்படி ஒரு சர்க்யூட்தான் சார் விழும். அந்தந்த இடத்து லைட் சர்க்யூட் போனதைக் கண்டுபிடிச்சு எரியணும், அதுதான் எமர்ஜென்சி லைட்" என்றார். அதற்குப் பிறகு முதலாளி ட்வின் பீம் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. "ராத்திரி கடையை மூடும்போது மெயினை இறக்கிட்டுப் போறீங்களா?" துணிக்கடை ஆயிற்றே, தீப்பிடிக்கும் பயத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மெயினை இறக்கினால் எமர்ஜென்சி லைட்டுக்கு அது கரண்ட் போனது போலத்தான். ஆளில்லாத கடையில் எரிந்து எரிந்து பேட்டரி காலியாகும். காலையில் மெயினைப் போட்டாலும் முழுசாக ஏற பல மணி நேரம் ஆகும். சில லைட் ஃபிட்டிங்குக்கு ஒரு நாளே ஆகலாம். ஆக, கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில் பேட்டரியில் பாதிகூட இருக்காது. தினமும் இப்படி அடிமட்டம் வரை இறங்கினால் பேட்டரியும் சீக்கிரம் செத்துப்போகும். இரவிலும் அணையாத தனி லைன் இழுப்பது, யாரும் கைவைக்காதபடி சாவி போட்ட டெஸ்ட் சுவிட்ச் வைப்பது, இரண்டையும் அவரே எழுதிக் கொடுத்தார். மற்றவர்களின் கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 4-ஆம் பகுதியைக் காட்டினார். கரண்ட் போனால் குறைந்தது 90 நிமிடம் எரிய வேண்டும், வெளியேறும் வழியின் நடுக்கோட்டில் தரைமட்டத்தில் 10 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். வேலை முடிந்ததும் கடை மூடிய பிறகு லக்ஸ் மீட்டர் வைத்து அளந்து காட்டுவதாகவும், 90 நிமிடமும் கூடவே நின்று எரியவிட்டுப் பார்ப்பதாகவும் கொட்டேஷனிலேயே போட்டிருந்தார். ரேட் கூடத்தான். இதில் எதைக் குறைத்தால் ரேட் குறையும் என்று முதலாளி கேட்டதற்கு, "லைட்டைக் குறைக்க முடியாது, நான் வேணா டீ குடிக்காம வேலை செய்யறேன்" என்றார்!

ஓட்டல் பராமரிப்புப் பொறுப்பாளர், புதுச்சேரி, மிஷன் வீதி பக்கம்:

எங்களுடையது பழைய கட்டடம். உயரமான கூரை, மரப் படிக்கட்டு. ட்வின் பீம் மாட்டியிருந்தார்கள். இறங்குகிறவர் கண்ணில் நேராக வெளிச்சம் அடிக்கும், காலடியில் படி தெரியாது. புதிதாக வந்தவர் செய்த முதல் வேலை அதைக் கழற்றியதுதான். படிக்கு மேலிருந்து கீழ்நோக்கி விழும்படி வைத்து, ஒவ்வொரு படி விளிம்பும் தெரிகிறதா என்று தானே ஏறி இறங்கிப் பார்த்தார்.

கடற்கரை ஊருக்கு வேலை செய்கிறவருக்கு உப்புக்காற்றும் தெரிந்திருக்க வேண்டும். வெளிவாசல் ஃபிட்டிங்குக்கு என்ன ஐ.பி. ரேட்டிங் (தூசி, தண்ணீர் புகாமல் தடுக்கும் அளவு), என்ன ஸ்குரூ என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரை அனுப்பிவிடலாம். பேட்டரியை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெயில் தாக்கும் இடத்தில் வைக்கிறவரையும்தான். சூட்டில் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம்மூர் அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கரண்ட் போனது, எமர்ஜென்சி லைட் எரிந்து ஓய்ந்தது. விடியும்வரை ஏன் எரியவில்லை என்று விருந்தினர்கள் கோபப்பட்டார்கள். அந்த லைட் வெளியே போவதற்கு, உள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கு இல்லை. அதற்கு இன்வெர்ட்டரைத் தனியாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் கலந்து விற்க வருகிறவர்கள் நிறைய.

மின் மேற்பார்வையாளர், கடலூர் முதுநகர்:

நான் இந்த வேலையைச் செய்கிற பக்கத்து ஆள், அதனால் கொஞ்சம் சொல்லலாம். நம் மாநிலத்தில் எமர்ஜென்சி லைட்டுக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. வணிகக் கட்டடத்தில் வயரிங் வேலையை உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் எடுக்க வேண்டும், மேற்பார்வையாளருக்கு ‘சி’ சான்றிதழ், வயர்மேனுக்கு ‘பி’ சான்றிதழ் இருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்டால் செராக்ஸ் நீட்டுவார்கள். எந்தத் தேதி வரை செல்லும், அதில் இருக்கிற பெயரும் பில்லில் வருகிற பெயரும் ஒன்றா என்று பாருங்கள். உரிமம் ஒருவருடையது, வேலைக்கு வருவது வேறு ஆள், இது நம்மூரில் சகஜம். புதுச்சேரிக்கு நிர்வாகமே தனி. கடலூர் காண்ட்ராக்டரை அங்கே அழைத்துப் போகிறவர்கள், அவருடைய உரிமம் அங்கே ஏற்கப்படுமா என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் இருந்தாலும் இந்த வேலை தெரியும் என்று அர்த்தமில்லை. மேலே துணிக்கடைக்காரர் சொன்ன எம்.சி.பி. சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும். சென்ட்ரல் பேட்டரி (எல்லா லைட்டுக்கும் ஒரே இடத்தில் பேட்டரி) போடுகிறேன் என்றால் என்ன கேபிள் என்று கேளுங்கள். எஃப்.ஆர்.எல்.எஸ். வயரில் தீ பரவுவதும் புகை வருவதும் குறையும், ஆனால் தீக்குள் நின்று கரண்ட் கொடுக்காது. அதற்கு ஃபயர் சர்வைவல் கேபிள் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சென்ட்ரல் பேட்டரி விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்யாண மண்டபம், நெல்லிக்குப்பம் சாலை:

எங்களிடம் ஐந்தாறு வருடப் பழைய ஃபிட்டிங் இருக்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எரிகிறது. மாற்ற வேண்டுமா அண்ணே? மேடை அலங்காரம் செய்கிறவர்கள் வேறு எக்ஸிட் போர்டு மேலேயே துணியைக் கட்டிவிடுகிறார்கள்.

மின் மேற்பார்வையாளர், கடலூர் முதுநகர்:

பட்டனை அழுத்தி எரிந்தால் பல்பு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். முகூர்த்தம் இல்லாத நாளில் சர்க்யூட்டை இறக்கிவிட்டு 90 நிமிடம் பாருங்கள். நடுவில் அணைவதில் பேட்டரி மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும், புது ஃபிட்டிங் என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். பேட்டரி மாற்றிய தேதியை ஃபிட்டிங் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை சின்னச் சோதனை, வருடம் ஒருமுறை முழு நேரச் சோதனை, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அலங்காரக்காரர்களுக்கு வாடகை ரசீதிலேயே ஒரு வரி போட்டு, மீறினால் அட்வான்ஸில் பிடிப்பதாகச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள்.