‘டிமர்’ (demur) என்ற ஆங்கிலச் சொல்லோடு உங்களுக்கு நடந்தது என்ன?

கோட்டையிலிருந்து எழுதுகிறேன். துறைமுகத்திலிருந்து சரக்கு விடுவித்துக் கொடுக்கிற கிளியரிங் வேலையில் இது பதினோராவது வருசம். ‘டெமரேஜ்’ என்ற சொல்லைக் கேட்காத நாளே எங்கள் கந்தோரில் இல்லை. இலவச நாட்கள் முடிந்த பிறகும் கொள்கலன் துறைமுகத்தில் கிடந்தால் நாளுக்கு நாள் ஏறுகிற காசு அது. அதே வேரில் பிறந்த ‘டிமர்’ என்ற வினைச்சொல்லை நான் போன வருசந்தான் முதலில் கண்டேன்.

புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் இந்தியாவிலிருந்து கொத்தமல்லி இறக்கினார். பத்திரங்கள் பிந்தி வந்ததால் டெமரேஜ் விழுந்துவிட்டது. பிந்தி அனுப்பியவர்கள் பாதியையாவது தரவேண்டும் என்று முதலாளி சொல்ல, நான் மின்னஞ்சல் போட்டேன். பதில் ஒரே வரி. அதில் அந்த ‘டிமர்’. கைபேசி அகராதியில் தட்டினேன். முதல் பொருள்: தயங்கு.

“கொஞ்சம் பின்னடிக்கினம் முதலாளி, ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பம்” என்றேன். அவரும் என் பேச்சை நம்பிச் சரக்கை எடுக்காமல் பொறுத்தார். மூன்றாம் நாள் தொலைபேசியில் கேட்டால், “எங்களுக்கு உடன்பாடில்லை என்று அன்றைக்கே எழுதிவிட்டோமே” என்கிறார்கள். அதற்குள் இன்னும் மூன்று நாள் டெமரேஜ் ஏறிவிட்டது.

முதலாளி ஏசவில்லை. “நீர் அகராதியில இருந்ததைத்தானே தம்பி சொன்னீர்” என்றார். ஏசியிருந்தால் இவ்வளவு வலித்திராது.

அந்தச் சொல்லில் தயக்கம் பழைய பொருள். தாமதித்தல், தங்கி நிற்றல் என்பதிலிருந்து வந்தது. இன்றைக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஆட்சேபம். குரல் உயர்த்தாத, மரியாதையான ஆட்சேபம். அதனால்தான் எனக்கு அது மறுப்பாகவே தெரியவில்லை.

*

புதுக்கடையில் ஜூனியர் சட்டத்தரணியாக இருக்கிறேன் அண்ணா. எங்களிடம் இந்தச் சொல் பெயர்ச்சொல்லாக வரும். வங்கி உத்தரவாதப் பத்திரங்களில் ‘விதவுட் டிமர்’ என்று ஒரு தொடர் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் அதை ‘தாமதமில்லாமல்’ என்று விளங்கி வைத்திருந்தார். உடனே காசு கொடுக்கவேண்டும், அவ்வளவுதானே என்றார். எங்கள் சீனியர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “மறுபேச்சில்லாமல் எண்டு வாசியுங்கோ” என்றார். வேலை ஒழுங்காக முடிந்ததா, பிழை யாருடையது என்று வங்கி கேட்காது. உத்தரவாதம் பெற்றவர் காசைக் கேட்டாலே அவருக்குப் போய்விடும். தெளிவான மோசடி இருந்தாலொழிய அதை நிறுத்துவது மிகவும் கடினம். ஒப்பந்தக்காரருடைய முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. நல்ல காலம், கையெழுத்து வைக்க முதலே கேட்டார்.

இங்கிலாந்து நீதிமன்றங்களில் ‘டிமரர்’ என்றே ஒரு வாதம் இருந்தது. “நீ சொல்வதெல்லாம் நடந்ததென்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் சட்டப்படி உனக்கு வழக்கில்லை” என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நிற்பது. நிற்றலும் ஆட்சேபமும் ஒட்டியது அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது.

*

வெள்ளவத்தையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் ‘ஹெசிடேட்’டையும் இதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ‘ஹெசிடேட்’ வந்த லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொள்வது என்று பொருள். சொல்ல வந்தது தொண்டையிலேயே ஒட்டி நிற்கிற நிலை. டிமர் பண்ணுகிறவர் வாய் திறந்துவிட்டார். ‘தேவைப்பட்டால் அழைக்கத் தயங்கவேண்டாம்’ என்று கடிதத்தின் முடிவில் எழுதுவோமே, அங்கே டிமர் பொருந்தவே பொருந்தாது.

கடைசியில் ஓர் ‘ஈ’ சேர்ந்தால் ‘டிமியூர்’. அது அடக்கமானவர் என்ற வேறு சொல். டிமருக்கு இறந்தகாலத்தில் ‘ஆர்’ இரட்டிக்கும். ஒரு மாணவி நேற்று எழுதிய வசனத்தை அப்படியே தருகிறேன்: “அம்மா என்னை ரியூசனுக்குப் போகச் சொன்னா, அம்மம்மா டிமர் பண்ணினா.” சரி போட்டேன்.