'ஓவர்டேக்' என்பதற்குத் தமிழில்: முந்துதல், இடப்புகுதல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

'ஓவர்டேக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று நம்மிடையே நடந்துவரும் உரையாடலுக்கு என் பங்காக இதை எழுதுகிறேன். தருமபுரியில் பழகுநர் உரிமத்துக்குப் படிப்பவர்களுக்காக நான் எழுதிவரும் குறிப்பேட்டில், முன்னே செல்லும் வண்டியை வலப்புறமாகத் தாண்டிப் போவதற்கு ஒரு நிலையான சொல் வேண்டியிருக்கிறது. உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த 'கடத்தல்' இலக்கணப்படி சரியானதே. ஆனால் 'கடத்து' என்னும் வினையிலிருந்தும் அதே வடிவம் பிறப்பதால், 'வளைவில் கடத்தல் குற்றம்' என்று படிப்பவருக்குச் சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வரும். 'மிஞ்சுதல்' வேகத்தையும் அளவையும் குறிக்குமேயன்றிச் செல்லும் பாதையைக் குறிக்காது.

அதே உரையாடலில் அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த 'வலமுந்தல்', 'இடமுந்தல்' என்ற இணையை முதலில் நானும் விரும்பினேன். எழுதிப் பார்த்தபோதுதான் 'இடம் + உந்தல்' என்றும் அதைப் பிரிக்கலாம் என்பது புரிந்தது. இடத்தைத் தள்ளுவது என்று பொருள்படும் சொல்லைச் சாலை விதிக்குள் வைக்க முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் வலப்புறம் முந்துவதையே பொதுவிதியாகக் கொள்கின்றன. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால் அந்தப் பக்கத்தில் வருவது அவருக்குத் தெளிவாகத் தெரியும். லாரியின் இடப்பக்கத்திலோ கண்ணாடியிலும் தெரியாத பரப்பு பெரிது. ஆகவே 'முந்துதல்' என்றாலே வலப்புறம் என்பது வரையறைக்குள் அடங்கிவிட வேண்டும். அடைமொழி தேவைப்படுவது இடப்புறம் செல்லும் பிறழ்ச்சிக்குத்தான்.

அந்தப் பிறழ்ச்சிக்கு நம் ஓட்டுநர்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கிய சரிவில், கனரக லாரி சிறிய கியரில் மெல்ல இறங்கும்போது, பொறுமையிழந்த கார் இடப்பக்க இடைவெளியில் நுழைவதை அடிக்கடி காணலாம். அதைப் பார்த்து எவரும் 'முந்துகிறான்' என்று சொல்வதில்லை. 'லெஃப்ட்ல பூந்து போறான்' என்கிறார்கள். வலப்புறம் போவதை 'ஏறிப் போறான்' என்கிறார்கள். ஏறுவதும் புகுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அவர்கள் பேச்சு நமக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. எனவே இடப்புறம் நுழைந்து செல்வதற்கு 'இடப்புகுதல்' என்னும் சொல்லை முன்மொழிகிறேன்.

ஒரு விலக்கையும் மறக்கலாகாது. முன்வண்டி வலப்புறம் திரும்புவதற்குச் சைகை காட்டிச் சாலையின் நடுப்பக்கம் வந்துவிட்டால், அதன் இடப்புறமாகச் செல்ல விதியே இசைகிறது. குற்றமல்லாத அந்தச் செயலை 'இடப்புகுதல்' என்பது தவறு. 'இடப்புறம் கடந்து செல்லல்' என்று விரித்தே எழுதலாம். அங்கே 'கடந்து' என்ற வினையெச்சம் வருவதால் மேற்சொன்ன குழப்பமும் நேராது.

எஞ்சியிருப்பது 'சைடு கொடுப்பது'. பின்னால் வருபவர் முந்தத் தொடங்கியபின் முன்னே செல்பவர் வேகத்தைக் கூட்டவோ வழிமறிக்கவோ கூடாது என்பதும் விதியே என்பதால், இதற்கும் தமிழ்ச்சொல் இன்றியமையாதது. 'வழிவிடல்' ஆம்புலன்சுக்கும் சந்திப்புகளுக்கும் உரியதாகிவிட்டது. நான் 'ஒதுங்கிக் கொடுத்தல்' என்று எழுதி, அரூர் சாலையில் நெடுங்காலம் லாரி ஓட்டிய எங்கள் தெருப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். "ஒதுங்கறது நடந்து போற ஆளுப்பா, வண்டியை ஒதுக்கித்தான் குடுக்கணும்" என்று அவர் திருத்தினார். அதன்படி வரைவில் இவ்வாறு மாற்றியிருக்கிறேன்: 'முந்த முனைபவருக்கு வண்டியை இடப்புறம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், வளைவிலும் மேட்டின் உச்சியிலும் முந்துதல் கூடாது.' பெயர்ச்சொல்லாக 'ஒதுக்கிக் கொடுத்தல்' நீளமாக இருக்கிறதே என்ற தயக்கம் எனக்கு உண்டு. 'ஒதுக்கீடு' வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் அதைத் தொடவில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒருவருக்குத் தோன்றினால், வரைவை அச்சுக்குக் கொடுக்குமுன் எழுதுங்கள்.